பொட்டு வரைக்கும் தண்ணீர்

ஆன்ட்டி வீட்டில் எந்தப் பாத்திரமும் முக்கால் அளவில் நின்று நான் பார்த்ததில்லை. தண்ணீர் கேட்டால் தம்ளர் விளிம்பு வரை ததும்பிக்கொண்டு வரும். முதல் வாயைக் குனிந்து உறிஞ்சிவிட்டுத்தான் தம்ளரைக் கையில் எடுக்க முடியும். பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்தால் நான் திரும்புவதற்குள் மறுபடி விளிம்பைத் தொட்டிருக்கும். உப்பு ஜாடி, சர்க்கரை டப்பா, சாமி விளக்கில் எண்ணெய் என்று எதையும் குறைய விடமாட்டார். காரில் பெட்ரோல் கால் பங்கு இறங்கினாலே ஆன்ட்டிக்கு முகம் வாடிவிடும். கடைக்குப் போகிற வழியில் ஒருமுறை, திரும்புகிற வழியில் ஒருமுறை பெட்ரோல் போடுகிற பெண்மணியை நான் வேறெங்கும் சந்தித்ததில்லை.

"குறையறதுக்கு முன்னாடியே ரொப்பிடணும்மா. குறைஞ்சப்புறம் ஓடிப் பிரயோஜனமில்ல" என்பார். அவர் சொல்லி நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான்.

கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் மலையை ஒட்டிய தெருவில் அவர் வீடு. பக்கவாட்டில் தனி வாசலோடு இருந்த ஒற்றை அறையில் நான் இரண்டு வருடம் குடியிருந்தேன். என் கணவருக்கு நியூ ஜெர்சியில் வேலை, எனக்கு இங்கே. விசாவில் இருக்கும் தம்பதி ஒரே ஊரில் குடித்தனம் செய்வது இரண்டு கம்பெனிகளின் தயவைப் பொறுத்த விஷயம். ஆன்ட்டிக்கு அறுபதைத் தாண்டிய வயது. சொந்த ஊர் திருச்சி. பல் டாக்டர் ஒருவரின் ஆபீசில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ப் பல வருஷம். ஒரே பையன், இங்கேயே பிறந்தவன், டெக்சாஸில் ஆஸ்டினில் இருக்கிறான் என்றார். அவன் எப்போது வருவான் என்று நான் கேட்டதற்கு, "வருவான்" என்று மட்டும் சொல்லிவிட்டு என் தம்ளரை நிரப்பினார்.

என் கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய கராஜ். சுவருக்குள்ளிருந்து எந்நேரமும் குமிழி விடும் சத்தம் வரும். யாரோ ஸ்ட்ரா போட்டு ஊதிக்கொண்டே இருப்பதுபோல. மீன் தொட்டியா என்று கேட்டேன். "பையனோடது" என்றார். மீன் எப்படி இருக்கிறது என்று அவ்வப்போது விசாரிப்பேன். நன்றாக இருக்கிறது என்பார். அதில் பொய் எதுவும் இல்லை, மீன் என்று சொன்னது நான்தானே.

வாஷிங் மெஷினும் அந்தக் கராஜில்தான். ஆனால் என்னை உள்ளே விடமாட்டார். துணிக் கூடையை வாசலில் வை, நானே போட்டு எடுத்துத் தருகிறேன் என்பார். நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை அவர் கோவிலுக்குப் போயிருந்தார். எனக்கு மறுநாள் காலை விமானம், ஈரத் துணி மெஷினுக்குள் கிடக்கிறது. சமையலறை வழியாகக் கராஜுக்குள் போனேன்.

மெஷினுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் கறுப்புக் கூடாரம் ஒன்று. ஜிப் இடுக்கில் வெள்ளை வெளிச்சம். திறந்தேன். நான்கு பக்கெட்டுகள், ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு செடி. மண் கிடையாது. வேர் மூடியில் உள்ள கூடை வழியாக நேரே தண்ணீருக்குள் தொங்குகிறது. தண்ணீருக்குள் ஒரு பம்பு காற்றை ஊதிக்கொண்டே இருக்கிறது. விரல் விரலாக விரிந்த அந்த இலையை டி-ஷர்ட்டுகளில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். வாசனையும் முகத்தில் அறைந்தது. சாமி விளக்கில் எண்ணெய் குறைய விடாத ஆன்ட்டி கராஜில் கஞ்சா வளர்க்கிறார்.

கலிஃபோர்னியாவில் வீட்டில் ஆறு செடி வரை வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மத்திய அரசுக்கு அது இன்னமும் குற்றம். விசாவில் இருக்கிறவளுக்கு மத்திய அரசுதான் எஜமான். ஏர்போர்ட் அதிகாரி என் சட்டையை முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்புவதாக அந்தப் பயணம் முழுக்கக் கற்பனை செய்துகொண்டு போனேன். திரும்பி வந்ததும் வேறு வீடு பார்ப்பதாக முடிவு செய்திருந்தேன்.

திரும்பி வந்தபோது ஆன்ட்டி என் வாசலிலேயே நின்றிருந்தார். மெஷினில் கிடந்த துணியை நான் எடுத்துப் போனதிலேயே அவருக்கு விஷயம் தெரிந்துபோயிருந்தது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, காபியைத் தம்ளர் விளிம்பு வரை ஊற்றி வைத்துவிட்டுச் சொன்னார். அந்தச் செடிகள் அவருடையவை அல்ல. பையன் வைத்துவிட்டுப் போனவை.

பையன் அதை மறைத்தெல்லாம் வைக்கவில்லை. சட்டப்படிதான் என்று காகிதம் காட்டியிருக்கிறான். தூக்கம் வரமாட்டேன் என்கிறது, இதில் கொஞ்சம் வருகிறது என்றும் சொல்லியிருக்கிறான். ஆன்ட்டிக்கு அந்தப் பேர் ஒன்றுதான் காதில் விழுந்தது. அவர் ஊரில் அந்தப் பேரைச் சொன்னால் போலீஸ் ஜீப்பும் கலைந்த தலையும்தான் ஞாபகம் வரும். அழுதிருக்கிறார், கத்தியிருக்கிறார், கடைசியில் வீட்டில் அது இருக்க வேண்டும் இல்லையென்றால் நான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பையன் இரண்டையும் விட்டுவிட்டு ஆஸ்டினுக்குப் போய்விட்டான். டெக்சாஸுக்கு அதை எடுத்துக்கொண்டு போகவும் முடியாது, அங்கே பிடித்தால் ஜெயில்.

அவன் போன மறுநாள், தூக்கி எறியத்தான் ஆன்ட்டி கராஜுக்குள் போயிருக்கிறார். பக்கெட்டுகளில் தண்ணீர் இறங்கியிருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் குறைந்தது பட்டால் கை சும்மா இருக்குமா? ஒரு ஜக் கொண்டுவந்து ஊற்றினார். அவ்வளவுதான், அன்றிலிருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"உயிரோட இருக்கறதைத் தூக்கிப் போட மனசு வரல. அவன் திரும்பி வந்து பார்த்து, அம்மா என் மேல இருந்த கோவத்தை இதுமேல காட்டிட்டாங்கன்னு நெனைச்சிட்டா?"

நான் துணி மூட்டையைக் கட்டாமல் அங்கேயே தங்கியதற்கு இந்த ஒரு கேள்விதான் காரணம்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. சாதாரணச் செடி பகல் குறைந்து இரவு நீளும் வரை காத்திருந்து பூக்குமாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து அதை நிறுத்தி வைக்க முடியும். பையன் வைத்திருந்த ரகம் அப்படியில்லை. வெளிச்சம் எப்படி இருந்தாலும், தன் வயது வந்ததும் தானே பூத்துவிடும். பூத்து முடிந்தால் அதன் ஆயுளும் முடிந்தது. மொத்தத்தில் ஒரு பருவம்தான். பையன் விதைத்த செடிகள் எப்போதோ போய்விட்டன. அவர் அந்த இடத்தில் அவன் மேஜை டிராயரில் இருந்த விதைகளைப் போட்டார். அது தீர்ந்ததும் வாங்கிப் போட்டார். நான்கையும் ஒரே நேரத்தில் போடாமல் இடைவெளி விட்டுப் போட்டார். அவன் எந்த வாரம் வந்து நின்றாலும் ஒரு பக்கெட்டிலாவது பூ இருக்க வேண்டும், போனபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும்.

"அவன் வெச்சது போயிடுச்சேன்னு இருக்கு. ஆனா அவனுக்கு வித்தியாசம் தெரியவா போகுது?" என்று சிரித்தார். குழந்தைக்குத் தெரியாமல் செத்த மீனை மாற்றி வைக்கிற அம்மாக்கள் சிரிக்கிற சிரிப்பு. நான் மீன் என்று நினைத்தது அத்தனை தப்பில்லை.

பூவை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். வெட்டி, பேப்பரில் காயவைத்து, ஊறுகாய் பாட்டில்களில் அடைத்துப் பையன் அறை அலமாரியில் அடுக்கியிருக்கிறாராம். எத்தனை பாட்டில் இருக்கும் என்று நான் கேட்கவில்லை. பாட்டில் எதிலும் இடம் மிச்சம் இருந்திருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

ஆரம்பத்தில் அவர் கைராசியே செடிகளுக்கு எமனாக இருந்திருக்கிறது. தம்ளருக்கு ஊற்றுவதுபோலப் பக்கெட்டுக்கும் விளிம்பு வரை ஊற்றுவார். ஒரு வாரத்தில் தண்டு அடியில் பழுப்பேறி, வேர் அழுகி, செடி சாய்ந்துவிடும். மூன்று முறை இப்படிப் போனபின், தோட்டச் சாமான் கடையில் கையெல்லாம் பச்சை குத்தின ஒரு பையனிடம் கேட்டிருக்கிறார். நீங்கள் மூழ்கடிக்கிறீர்கள் மேடம், தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவில் கொஞ்சம் காலி இடம் விடுங்கள், வேர் அங்கேதான் மூச்சு விடும் என்று அவன் சொல்லியிருக்கிறான். அந்தக் காலி இடத்தை விடுவதற்கு ஆன்ட்டி பட்ட பாடு இருக்கிறதே! ஜக்கைச் சாய்த்தால் அவர் கை தானாக நிற்காது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கெட்டுக்கு வெளியே, உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று காட்ட, கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் குழாய் நிற்கும். அந்தக் குழாயில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினார். அரக்கு நிறப் பொட்டு, கணவர் இருந்தபோது வாங்கி மிஞ்சிய அட்டை. தண்ணீர் பொட்டைத் தொட்டதும் ஜக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

இதையெல்லாம் வெளியே தெரியாமல் காப்பது தனி வேலை. கொலுவுக்கு வந்த மாமி ஒருத்தி சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கைச் சுருக்கினாள். "ஸ்கங்க் வந்துட்டுப் போச்சு போல. இந்தப் பக்கம் ஜாஸ்தி" என்றார் ஆன்ட்டி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அந்தப் பிராணி விடுகிற நாற்றமும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் வந்தவர்கள் ஒத்துக்கொண்டார்கள். நான் சாம்பிராணி போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய்ச் சிரித்துத் தீர்த்தேன். அந்த மாமிதான் அன்றைக்கு, ஏன் இன்னும் சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணாமல் கிரீன் கார்டிலேயே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். சோம்பேறித்தனம் என்று ஆன்ட்டி சொன்னார். உண்மை எனக்குத் தெரியும். அப்ளை பண்ணினால் இதைப் பற்றிக் கேட்பார்கள். அவருக்குப் பொய் சொல்ல வராது, பக்கெட்டைக் காலி பண்ணவும் மனது வராது. ஸ்கங்க் மட்டும் பொய்யில் சேராது போலிருக்கிறது.

பையன் அவரோடு பேசாமல் இல்லை. பிறந்தநாள், தீபாவளி, அன்னையர் தினம் என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி மெசேஜ் வரும். போன் செய்தால் எடுக்க மாட்டான். இவர் வாய்ஸ்மெயிலில் பேசுவார். சாப்பிட்டாயா, இங்கே குளிர், தக்காளி ரசம் வைத்தேன், மாடி வீட்டுப் பெண் நல்லா இருக்கிறாள் என்று நிதானமாக. எனக்கு மாடி கிடையாது, ஆனாலும் அந்தப் பெண் நான்தான். ஒருநாள் போனைக் காதில் வைத்தவர் அப்படியே என்னிடம் நீட்டினார். பெட்டி நிறைந்துவிட்டது, இனி செய்தி வைக்க முடியாது என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

"ரொம்பிடுச்சாம்" என்றார் ஆன்ட்டி. வருத்தமா பெருமையா என்று சொல்ல முடியாத ஒரு குரல். அழித்தால்தானே இடம் வரும், அவன் அழிக்கவில்லை, வைத்திருக்கிறான் என்றார். கேட்காமலே விட்டாலும் பெட்டி நிறையும் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

அந்த இலையுதிர் காலத்தில் மலைக்காற்று பலமாக அடிக்கப்போகிறது, கம்பி அறுந்து தீப்பிடிக்காமல் இருக்க உங்கள் பக்கம் மின்சாரத்தை நிறுத்தப்போகிறோம் என்று மின்சாரக் கம்பெனியிலிருந்து முதல் நாளே அறிவித்துவிட்டார்கள். எல்லாரும் ஃப்ரிட்ஜைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். ஆன்ட்டிக்குப் பம்பைப் பற்றிக் கவலை. காற்று நின்றால் தண்ணீர் செத்துவிடும், வேர் மூச்சு முட்டிப் போய்விடும். பேட்டரியில் ஓடும் பம்பு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

காலையில் கரண்ட் போனது. சுவருக்குள் அந்தச் சத்தம் நின்றதும் எனக்கே என்னவோ போல் இருந்தது. ஆபீசுக்கு இண்டர்நெட் இல்லை என்று சொல்லிவிட்டுக் கராஜுக்குப் போனேன். ஆன்ட்டி தரையில் உட்கார்ந்து, பக்கெட்டின் வெளிக் குழாயைக் கீழே சாய்த்து ஒரு பாத்திரத்தில் தண்ணீரைப் பிடித்தார். இன்னொரு பாத்திரத்தை எடுத்துக் கை எட்டுகிற உயரத்துக்குத் தூக்கி, காபி ஆற்றுவதுபோல் ஆற்றினார். நுரை வர வர நாலைந்து தடவை ஆற்றிவிட்டு, மூடியில் தண்ணீர் ஊற்ற விட்டிருந்த ஓட்டை வழியாகத் திரும்ப ஊற்றினார். அப்புறம் அடுத்த பக்கெட். காற்றைத் தண்ணீருக்குள் புகுத்த அவருக்குத் தெரிந்த வழி அதுதான். பச்சை குத்தின பையனுக்குத் தோன்றியிருக்காது.

நானும் இரண்டு பாத்திரம் எடுத்துக்கொண்டேன். நாள் முழுக்க, மாற்றி மாற்றி, நாலு பக்கெட்டையும் ஆற்றினோம். கூடார ஜிப்பைத் திறந்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில். என் தோள்பட்டை கழன்று விழும்போல் ஆகிவிட்டது. அவர் நிறுத்தவே இல்லை. பையன் சின்ன வயதில் ஆற்றிக் கொடுக்காத பாலைத் தொடமாட்டானாம். ஆறியே கிடந்தாலும் அவன் கண் எதிரில் ஒருமுறை ஆற்ற வேண்டுமாம். உயரத் தூக்கு, இன்னும் உயரத் தூக்கு என்று கைதட்டுவானாம். அதைச் சொல்லும்போது அவர் கை இன்னும் ஒரு சாண் உயர்ந்தது. நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஒரு வேர் கறுக்கவில்லை, ஒரு இலை துவளவில்லை. சாயங்காலம் கரண்ட் வந்து பம்பு குமிழி விட்டதும் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டோம்.

போன் காரில் சார்ஜில் கிடந்தது. போய் எடுத்து வந்தார். வாசல்படியிலேயே நின்றுவிட்டார். பையன் கூப்பிட்டிருக்கிறான். மெசேஜ் இல்லை, போனே செய்திருக்கிறான், மத்தியானம். உடனே திருப்பிக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. பெட்டி நிறைந்துவிட்டது என்று அந்தப் பெண் மறுபடி சொன்னாள். சற்றுநேரத்தில் மெசேஜ் வந்தது: மீட்டிங்கில் இருக்கிறேன், உங்கள் பக்கம் கரண்ட் இல்லை என்று செய்தியில் பார்த்தேன், நீ ஓகேயா?

ஆன்ட்டி போனை என்னிடம் கொடுத்து டைப் பண்ணச் சொன்னார். நான் ஓகே, உன் செடி எல்லாம் ஓகே என்று போடு என்றார். ஆங்கிலத்தில் அப்படியே போட்டேன்.

பதில் உடனே வந்தது.

"வாட் பிளான்ட்ஸ்?"

நான் அதை வாய்விட்டு வாசிக்கவில்லை, திரையை அவர் பக்கம் திருப்பினேன். எனக்கு வந்த கோபத்துக்கு, இந்தக் கூடாரத்தை, பாட்டில்களை, அரக்குப் பொட்டை எல்லாம் படம் எடுத்து ஒன்று விடாமல் அனுப்பிவிட வேண்டும் போல் இருந்தது. சொல்லவும் சொன்னேன்.

"வேணாம்மா. செடிய மறந்துட்டான்னா அந்தச் சண்டையையும்தானே மறந்திருப்பான்? நல்லதுதானே."

போனை வாங்கி, ஒற்றை விரலால் அவரே டைப் செய்தார். கறிவேப்பிலை, பின்பக்கம் இருக்கறது. அதற்கு அவன் ஒரு கட்டைவிரல் படம் போட்டான்.

ஆன்ட்டி போனை மெஷின்மேல் வைத்துவிட்டு ஜக்கை எடுத்தார். சிங்க் குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்தார். முதல் பக்கெட்டின் ஓட்டையில் சாய்த்தார். வெளிக் குழாயில் தண்ணீர் மெல்ல ஏறி, பொட்டைத் தொட்டு, பொட்டுக்கு மேலே போனது. அவர் கை நிற்கவில்லை.

"ஆன்ட்டி, பொட்டைத் தாண்டிடுச்சு."

"தெரியும்" என்றார்.

இன்னொரு ஜக் கொண்டுவந்தார். நாலு பக்கெட்டையும் விளிம்பு வரை ரொப்பினார். ததும்பிக் கீழே வழிந்ததை மாப் போட்டுத் துடைத்தார். அப்புறம் என் தண்ணீர் பாட்டில் பாதியாக இருப்பதைப் பார்த்து, அதையும் வாங்கி நிரப்பிக் கொடுத்தார்.

செடிகள் அடுத்த வாரம் சாய்ந்தன. குப்பை வண்டி வருகிற அன்று, தோட்டக் குப்பைக்கான பச்சைத் தொட்டியில் போட்டார். புதிதாக விதை போடவில்லை. எனக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்து நான் கிளம்புகிற வரை, என் தலைமாட்டுச் சுவரில் அந்தக் குமிழிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. வெறும் தண்ணீர்தான். பம்பை அணைக்க அவருக்கு மனசு வரவில்லை.